யாரைத் தடுப்பது? ஓட்ட ஆட்டத்துக்கான பிளாக்கிங் விதிகள்

அமெரிக்கக் கால்பந்தில் ஆஃபென்சிவ் லைனில் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மனத்தில், பந்து ஸ்னாப் ஆவதற்கு முந்தைய இரண்டு நொடியில் ஒரே கேள்விதான் ஓடும்: நான் யாரைத் தடுக்க வேண்டும்? விடை தெரிந்த பிள்ளை சட்டென்று பாயும். தெரியாத பிள்ளை நிமிர்ந்து நின்று இருபுறமும் பார்க்கும். அதற்குள் எதிராளி தாண்டிப் போய் ரன்னிங் பேக்கைப் பிடித்திருப்பார். எல்லைக்கோட்டருகே நிற்கும் பயிற்சியாளர் "மோது, வேகமாக மோது!" என்று கத்துவார். அந்தப் பிள்ளைக்கு வேகமும் குறைவில்லை, தைரியமும் குறைவில்லை. யாரை மோதுவது என்பதைத்தான் ஒருவரும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அமெரிக்காவின் சிறுவர் அணிகள் பலவற்றில் லைனுக்குப் பயிற்சி தரும் வேலை, தன்னார்வமாக வரும் ஒரு பெற்றோரின் தலையில் விழுகிறது. குவார்ட்டர்பேக்கைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்துவிடும். ரிசீவர்களுக்கும் கிடைத்துவிடும். கடைசியில் மிஞ்சுவது லைன். அதை ஏற்றுக்கொண்டவருக்காகத்தான் இந்த அத்தியாயம். நீங்கள் இந்த ஆட்டத்தை ஒருநாளும் ஆடியிராவிட்டாலும் கவலை வேண்டாம். லைன் பயிற்சியில் பாதி உடல் வேலை, பாதி கணக்கு. கணக்கை யாரும் கற்றுக்கொடுக்கலாம்.

படத்தை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள்

புதிய பயிற்சியாளர்கள் செய்வது இது: பலகையில் ஒரு ஆட்டத்தை வரைவார்கள். எதிரணி ஆட்கள் எல்லோரையும் குறித்து, ஒவ்வொரு லைன்மேனிடமிருந்தும் ஒரு கோடு இழுத்து "நீ இவரைத் தடு" என்பார்கள். வாரம் முழுக்க அது அருமையாக நடக்கும். சனிக்கிழமை எதிரணி வேறு அமைப்பில் வந்து நிற்கும். படத்தில் இருந்த ஆள் அங்கே இருக்க மாட்டார், இல்லாத இடத்தில் ஒருவர் நிற்பார். ஐந்து பிள்ளைகளும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

எதிரணி எத்தனை அமைப்பில் நிற்க முடியுமோ அத்தனைக்கும் படம் வரைந்து மாளாது. அதனால் பிள்ளைக்குத் தர வேண்டியது ஒரு கேள்வி வரிசை. எதிரே யார் எப்படி நின்றாலும் அந்தக் கேள்விகளை அதே வரிசையில் தனக்குள் கேட்டால் விடை கிடைத்துவிட வேண்டும். நல்ல விதிக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: பயிற்சியாளர் மைதானத்தில் இல்லாதபோதும் அது வேலை செய்ய வேண்டும்.

இடங்களுக்குப் பெயர்

லைனின் நடுவில் செண்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டேக்கிள்கள். ஒரு பக்கமோ இரு பக்கமுமோ டைட் எண்ட் நிற்பார். செண்டருக்கும் கார்டுக்கும் நடுவே உள்ளது ஏ கேப். கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவே பி, டேக்கிளுக்கும் டைட் எண்டுக்கும் நடுவே சி, டைட் எண்டுக்கு வெளியே டி.

எதிராளிகள் நிற்கும் இடத்துக்கு எண்கள் உண்டு. செண்டருக்கு நேர் எதிரே நின்றால் 0, கார்டுக்கு நேர் எதிரே 2, கார்டின் வெளித்தோளில் 3, டேக்கிளின் வெளித்தோளில் 5, டைட் எண்டின் வெளித்தோளில் 9. இந்த எண்முறையை உருவாக்கியவர் என்று பயிற்சியாளர்கள் பம் பிலிப்ஸைச் சொல்வார்கள். 1950களில் டெக்சாஸ் ஏ அண்டு எம் அணியில் பேர் பிரையன்ட்டுக்குக் கீழே பணியாற்றியவர் அவர். எண்களை நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பயிற்சியாளர்கள் பேசும்போது புரியும். சின்னப் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு அது வேண்டாம். கேப் என்றால் என்ன, "உள்பக்கம்" என்றால் செண்டரை நோக்கிய பக்கம் என்ற இரண்டும் போதும்.

நான்கு கேள்விகள்

பவர் என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளி அணியிலிருந்து தொழில்முறை ஆட்டம் வரை ஆடப்படுவது, பிள்ளைகளுக்கும் எளிது. வலப்பக்கம் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வலது கார்டு, வலது டேக்கிள், டைட் எண்ட் மூவரும் எதிராளிகளை உள்பக்கமாகத் தள்ளுவார்கள். அந்தப் பக்கத்துக் கடைசி எதிராளியை ஃபுல்பேக் வெளிப்பக்கமாகத் தள்ளுவார். இதைக் கிக் அவுட் என்பார்கள். நடுவே திறக்கும் வழியில் இடது கார்டு தன் இடத்தை விட்டு ஓடிவந்து நுழைவார், அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு பந்தோடு ரன்னிங் பேக் வருவார்.

ஓடும் பக்கத்து மூவருக்கும் ஒரே விதி: கேப், ஆன், டவுன், பேக்கர். கேப்: என் உள்பக்க கேப்பில் ஆள் இருக்கிறாரா? இருந்தால் அவரைத் தடு, மேற்கொண்டு யோசிக்காதே. ஆன்: கேப் காலி என்றால், என் நேர் எதிரேயோ என் தோளிலோ, லைனில் கை ஊன்றி ஆள் இருக்கிறாரா? டவுன்: அதுவும் இல்லையென்றால், எனக்கு உள்பக்கம் நிற்கும் கூட்டாளியின் மேல் ஆள் இருக்கிறாரா? இருந்தால் கூட்டாளியோடு சேர்ந்து அவரைத் தள்ளு. பேக்கர்: மூன்றுக்கும் இல்லை என்றால்தான் பின்னால் நிற்கும் லைன்பேக்கரிடம் போ.

விதிவிலக்கு ஒன்றுதான். ஓடும் பக்கத்தில் லைனின் கடைசி ஆள் நம் கணக்கில் இல்லை. அவர் ஃபுல்பேக்கின் பங்கு. டைட் எண்டின் வெளித்தோளிலேயே வந்து நின்றாலும் டைட் எண்ட் அவரைத் தொடக்கூடாது. இதை முதல் நாளே அழுத்திச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் ஆளை விட்டுவிட்டுப் போகச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது.

வரிசை ஏன் இப்படி? ஓட்ட ஆட்டத்தைக் கெடுப்பவர்களில் முதல் ஆள் உள்பக்க இடுக்கில் புகுந்து வருபவர். பந்து கைமாறும் இடத்துக்கு அவருக்குத்தான் தூரம் குறைவு. லைன்பேக்கர் நாலைந்து யார்டு தள்ளி நிற்கிறார், அவர் வந்து சேர நேரம் ஆகும். லைன்பேக்கரைத் தவறவிட்டால் நாலு யார்டு ஓடிய பிறகு பிடிபடுவோம். உள் இடுக்கை விட்டால் இருக்கும் இடத்திலிருந்து மூன்று யார்டு பின்னால் பிடிபடுவோம். இதைப் பிள்ளைகளிடம் இதே சொற்களில் சொல்லுங்கள். காரணம் தெரிந்த பிள்ளை விதியை மறக்காது.

செண்டருக்கு இரண்டே கேள்வி. என் மேல் ஆள் இருக்கிறாரா? இருந்தால் அவர். இல்லையென்றால், ஓடிப்போகும் இடது கார்டு விட்டுச் சென்ற இடத்தில் வருபவர். இடது டேக்கிள் முதலில் உள்பக்கம் ஓரடி வைத்து அங்கே யாரும் புகாமல் அடைத்துவிட்டு, பிறகு திரும்பி வெளியே இருப்பவரைச் சந்திக்க வேண்டும். வெளி ஆள் சுற்றி வருவதற்குள் பந்து போய்விடும் என்பதால் அவருக்கு உள்பக்கம்தான் முதல்.

இரண்டு அமைப்பில் சோதித்துப் பார்ப்போம்

எதிரணி 4-3இல் நிற்கிறது. லைனில் நாலு பேர், பின்னால் மூன்று லைன்பேக்கர்கள். நம் வலது கார்டின் வெளித்தோளில் ஒருவர், செண்டரின் இடத்தோளில் ஒருவர், வலது கோடியில் டைட் எண்டுக்கு வெளியே ஒருவர், இடது கோடியில் ஒருவர். வலது கார்டு கேட்கிறார்: கேப்? வலப்பக்க ஏ காலி. ஆன்? ஆம், வெளித்தோளில் ஒருவர். வலது டேக்கிள் கேட்கிறார்: கேப்? ஆம், அதே ஆள் பி கேப்பில்தான் நிற்கிறார். இருவருக்கும் ஒரே விடை வந்துவிட்டது. யாரும் யாரிடமும் பேசாமலே அந்த ஆளின் மேல் இருவர் விழுகிறார்கள். டைட் எண்டுக்கு கேப் காலி. வெளியே நிற்பவர் கடைசி ஆள், கணக்கில் இல்லை. டேக்கிளின் மேலும் யாரும் இல்லை. ஆகவே அவர் நடு லைன்பேக்கரிடம் போகிறார். செண்டர் இடத்தோளில் நிற்பவரை எடுக்கிறார். ஓடிவரும் இடது கார்டு, வழியில் தனக்கு முதலில் தென்படும் லைன்பேக்கரை எடுக்கிறார்.

இப்போது எதிரணி 5-2க்கு மாறுகிறது. செண்டருக்கு நேர் எதிரே ஒருவர், டேக்கிள்களின் வெளித்தோளில் இருவர், கோடிகளில் இருவர், கார்டுகளுக்கு எதிரே பின்தள்ளி இரண்டு லைன்பேக்கர்கள். வலது கார்டு: கேப் காலி. ஆன்? எதிரே இருப்பவர் லைனில் இல்லை, பின்னால் நிற்கிறார், சேராது. டவுன்? செண்டரின் மேல் ஆள் இருக்கிறார். ஆகவே செண்டரோடு சேர்கிறார். வலது டேக்கிள்: கேப் காலி, ஆன் ஆம். டைட் எண்ட்: கேப்? டேக்கிளின் வெளித்தோளில் நிற்பவர் சி கேப்பில் இருக்கிறார், ஆம். இங்கே இரண்டு இடங்களில் இருவர் சேர்ந்து ஒருவரைத் தள்ளுகிறார்கள். அமைப்பு முழுக்க மாறிவிட்டது, ஆனால் பிள்ளை புதிதாக எதையும் கற்கவில்லை. வேறு எந்த முறையையும்விட நான் இதைப் பரிந்துரைப்பது இதற்காகத்தான்.

இருவர் சேர்ந்து தள்ளுவது

ஓட்ட ஆட்டத்தில் மிகப் பெரிய லாபம் இதில்தான் இருக்கிறது. பயிற்சி நேரத்தில் பெரும்பங்கை இதற்குக் கொடுங்கள். நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளைப் போல இருவரும் இடுப்போடு இடுப்பு ஒட்டி ஒரே வேகத்தில் போக வேண்டும். நடுவே வெளிச்சம் தெரிந்தால் எதிராளி தோளைச் சாய்த்து அந்த இடுக்கில் புகுந்துவிடுவார்.

4-3இல் பார்த்த கார்டையும் டேக்கிளையும் பக்கத்தில் போய்க் கவனிப்போம். கார்டின் வேலை எதிராளியை அந்த இடத்திலேயே நிறுத்துவது. எதிராளி தன் வலத்தோளில் இருப்பதால் வலது காலைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ஆறு அங்குலம், அதற்கு மேல் போகக்கூடாது. நீட்டி வைத்தால் ஒற்றைக் காலில் நிற்கும்போது மோதல் வந்துவிடும். இரண்டாவது கால் தரையைத் தொடும்போது கைகள் எதிராளியின் மார்பில் இருக்க வேண்டும். உள்ளங்கை திறந்து, கட்டைவிரல் மேல் நோக்கி, முழங்கை விலாவோடு ஒட்டி. டேக்கிள் இடது காலை எடுக்கிறார். அந்தக் கால் உள்பக்கமாக, லைனை ஒட்டியே போக வேண்டும், முன்னால் போகக்கூடாது. முன்னால் வைத்தால் எதிராளி அவருக்குப் பின்னால் நழுவிப் பின்களத்துக்குப் போய்விடுவார். டேக்கிளின் கைகள் எதிராளியின் அக்குளுக்குக் கீழே விலாவில் படிய வேண்டும். பிறகு இருவரும் சின்னச் சின்ன அடியாக, கால்களை நிறுத்தாமல் பின்னுக்குத் தள்ள வேண்டும்.

கண்கள் எங்கே? நாலு கையும் எதிராளியின் மேல், நாலு கண்ணும் பின்னால் நிற்கும் லைன்பேக்கரின் மேல். லைன்பேக்கர் தங்கள் பக்கமாக நெருங்கி வந்தால்தான் ஒருவர் கழன்று அவரை எடுக்க வேண்டும். லைன்பேக்கர் எந்தப் பக்கமாக வருகிறாரோ அந்தப் பக்கத்தில் இருப்பவர் கழல்வார். பிள்ளைகள் எல்லோரும் இங்கே அவசரப்படுவார்கள். ஒரு தட்டு தட்டிவிட்டு லைன்பேக்கரைத் தேடி ஓடுவார்கள். கீழே இருப்பவர் நகராமல் நிற்பார், ஓட்டம் அவர் கையில் முடியும். சந்தேகம் வந்தால் கழலாதே, சேர்ந்தே தள்ளு என்று சொல்லுங்கள். லைன்பேக்கர் ஒருவர் தடுக்கப்படாமல் போவதால் அணி தோற்றுவிடாது.

ஓடிவரும் கார்டு

இடத்தை விட்டு ஓடும் கார்டுக்குத் தனிப்பயிற்சி தேவை. வலப்பக்கம் ஓட வேண்டியவர் வலது காலைத் திருப்பி வைத்து, இடது கையை வீசி உடலைச் சுழற்றி, லைனை ஒட்டி ஓட வேண்டும். வழியில் கண் உள்பக்கம் பார்க்க வேண்டும், ஏனென்றால் லைன்பேக்கர் அங்கிருந்துதான் வருவார். இந்த வேலையை உலகுக்குக் காட்டியவர்கள் 1960களின் கிரீன் பே பேக்கர்ஸ் கார்டுகளான ஜெர்ரி கிரேமரும் ஃபஸ்ஸி தர்ஸ்டனும். வின்ஸ் லொம்பார்டியின் ஸ்வீப் ஆட்டத்தில் இருவரும் ஒரே பக்கம் ஓடி வழி திறந்தார்கள். லொம்பார்டி ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் கார்டாக ஆடியவர், லைனின் அருமை அறிந்தவர். 1980களில் ஜோ கிப்ஸின் வாஷிங்டன் அணி கார்டையும் டேக்கிளையும் சேர்த்து ஓடவைத்த கவுண்டர் ஆட்டத்தால் பெயர் பெற்றது. உங்கள் பிள்ளைகளுக்கு ஒருவர் ஓடுவது போதும். குள்ளமாக, சுறுசுறுப்பாக இருக்கும் பிள்ளையை அதற்கு எடுங்கள்.

ஜோன் என்ற இன்னொரு குடும்பம்

இதுவரை பார்த்தது எதிராளிகளை ஒரு பக்கம் ஒதுக்கி வழி திறப்பது. ஜோன் முறையில் லைனே ஒன்றாக ஓடும் பக்கம் அடியெடுத்து வைக்கும். இங்கே கேள்வி வேறு: என் மேல் ஆள் இருக்கிறாரா, இல்லையா? இருந்தால் அவரை எடு. இல்லையென்றால், ஓடும் பக்கத்து அடுத்த கூட்டாளிக்குத் துணையாகப் போ, இருவரும் சேர்ந்து தள்ளிவிட்டு லைன்பேக்கரைப் பாருங்கள். வழி எங்கே திறக்கும் என்று முன்கூட்டியே முடிவில்லை. ரன்னிங் பேக் பார்த்து ஓட வேண்டும்.

இதன் பலத்துக்கு டென்வர் பிராங்கோஸ் சாட்சி. லைன் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸின் காலத்தில், ஆறாவது சுற்றில் தேர்வான டெரல் டேவிஸ் 1998இல் 2,008 யார்டு ஓடினார். அடுத்த ஆண்டு அவர் காயம்பட்டபோது ஒலாண்டிஸ் கேரி 1,159 யார்டு. 2000இல் மைக் ஆண்டர்சன் 1,487 யார்டு. ஓடியவர்கள் மாறினார்கள், லைனின் விதிகள் மாறவில்லை. ஆனால் அந்த லைன் நாள்தோறும் அந்த ஒன்றையே பழகிய பெரியவர்களின் லைன். வாரத்துக்கு மூன்று மாலை கூடும் பிள்ளைகளுக்கு ஜோன் எளிது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. விதி குறைவு, உண்மைதான். ஆனால் எதிராளி அசைந்தபின் முடிவெடுக்க வேண்டியது அதிகம், அது சின்ன வயதில் கடினம்.

எப்படிப் பழக்குவது

தரையில் பழைய தீயணைப்புக் குழாய் ஒன்றை நீட்டி, லைன்மேன்கள் நிற்க வேண்டிய இடங்களைச் சாயத்தால் குறியுங்கள். கார்டுகளுக்கு இரண்டடி இடைவெளி, டேக்கிள்களுக்கு இரண்டரை. எதிரே பெரிய குப்பைத் தொட்டிகளை எதிராளிகளாக வையுங்கள். தொட்டி நகராது, பிள்ளை நிதானமாக யோசிக்கலாம். நீங்கள் அமைப்பைக் காட்டியதும், ஒவ்வொரு பிள்ளையும் தன் ஆளைக் கைநீட்டிக் காட்டி, எந்தக் கேள்வியில் விடை வந்தது என்று உரக்கச் சொல்ல வேண்டும்: "கேப்!" "ஆன்!" "டவுன்!" சொன்ன பிறகு நடந்து போய்த் தொட வேண்டும். தொட்டிகளை மாற்றி வையுங்கள். மறுபடியும் சொல்லட்டும். முதல் வாரம் மோதலே வேண்டாம். விடை தட்டுத்தடங்கல் இல்லாமல் வந்த பிறகு தொட்டிக்குப் பதில் கையில் மெத்தைப்பை பிடித்த பிள்ளைகள், அதன் பிறகு பாதி லைன் மட்டும், கடைசியில் முழு லைன்.

தவறினால் "யாரை அடித்தாய்?" என்று கேட்காதீர்கள். "எந்தக் கேள்வியில் நின்றாய்?" என்று கேளுங்கள். பிள்ளை கேப்பைத் தாண்டி நேராகப் பேக்கருக்குப் போயிருக்கும். அதைத் தானே கண்டுபிடித்தால் அடுத்த முறை திருத்திக்கொள்ளும்.

இதோடு சேர்த்தே இரண்டு தடைகளையும் சொல்லிக்கொடுங்கள். எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுப்பது ஹோல்டிங், தண்டனை பத்து யார்டு. கை உடலின் அகலத்துக்குள்ளேயே இருக்கும்வரை சிக்கல் வராது. இரண்டாவது, தலை. 1976இல் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் தலையை முதலில் கொண்டு மோதுவது தடை செய்யப்பட்டது, அதன்பின் கழுத்துத் தண்டுவடக் காயங்கள் வெகுவாகக் குறைந்தன. முகம் மேலே, கண் திறந்து, கையும் தோளும் முதலில். தலையைக் குனிந்து மோதும் பிள்ளையை அந்த நொடியே நிறுத்தி, சரியாக வரும்வரை மோதல் பயிற்சியிலிருந்து விலக்கி வையுங்கள். எவ்வளவு திறமையான பிள்ளையாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஆட்ட நாளில் பந்தைப் பார்க்காதீர்கள். அதைப் பார்க்க மற்ற எல்லோரும் இருக்கிறார்கள். உங்கள் கண் முதலில் உள் கேப்புகளில் இருக்கட்டும், பிறகு இருவர் சேர்ந்து தள்ளும் இடத்தில். பவரும் அதன் இடப்பக்க வடிவமும் இரண்டும் சேர்ந்து ஒரே விதியில் ஓடுகின்றன. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட அணிக்கு ஒரு பருவம் முழுக்க அந்த ஒரு விதி போதும். ஜோனை அடுத்த ஆண்டு பாருங்கள்.